அறுபதைக் கடந்தவர்களைத் தன்னார்வப் பணிக்குக் கூப்பிடுமுன்

வாசகர் வட்டம், குடியிருப்போர் நலச் சங்கம், பள்ளியின் முன்னாள் மாணவர் குழு என்று எதை நடத்துபவராக இருந்தாலும் ஒரு கட்டத்தில் இந்த யோசனை வரும்: தெருவில் இத்தனை ஓய்வுபெற்றவர்கள் இருக்கிறார்களே, இவர்களைச் சேர்த்துக்கொண்டால் என்ன? உடனே வாட்ஸ்அப்பில் 'சேவை மனப்பான்மை உள்ள பெரியவர்கள் தொடர்புகொள்ளவும்' என்று ஓர் அறிவிப்பு போகும். பத்து நாளில் இரண்டு பேர் பேசுவார்கள். அதில் ஒருவர் சங்கத்தின் வரவு செலவைப் பற்றிக் கேட்கத்தான் பேசியிருப்பார். 'பெரியவங்களுக்கு ஆர்வமே இல்லைங்க' என்று முடிவுகட்டுவது இந்த இடத்தில்தான்.

ஆர்வம் இருக்கிறது. என்ன வேலை, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், மாடியா தரைத்தளமா, கழிப்பறை இருக்கிறதா என்பவைதான் அந்த அறிவிப்பில் இல்லை. இருபது வயதுக்காரர் வந்து பார்த்துத் தெரிந்துகொள்வார். அறுபத்தெட்டு வயதுக்காரர் இவை தெரியாமல் செருப்பை மாட்டமாட்டார். அதனால் ஆளைத் தேடுவதற்கு முன்பே வேலையைச் சீர்செய்து வைக்க வேண்டும். ஒரு கிளை நூலகத்தையும் பக்கத்து அரசுத் தொடக்கப் பள்ளியையும் வைத்து, தமிழ்நாட்டுச் சிறுநகரம் ஒன்றில் புதிதாகத் தொடங்குபவர்களை மனத்தில் வைத்து எழுதியது இது. மருத்துவமனை, கோயில், முதியோர் இல்லம் என்று வேறு இடமானாலும் பாதிக்குமேல் பொருந்தும்.

1. வேலையை நறுக்குங்கள்

'நூலகத்துக்கு உதவி' என்பது வேலை இல்லை. 'சனிக்கிழமை காலை 10.30 முதல் 12 வரை, திரும்பி வந்த புத்தகங்களை எண் பார்த்து அடுக்குவது. இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட தட்டுகள் மட்டும்' என்பது வேலை. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தாள் போடுங்கள். நாள், தொடங்கும் நேரம், முடியும் நேரம், உட்கார்ந்து செய்வதா நின்று செய்வதா, படி ஏற வேண்டுமா, கூட யார் இருப்பார்கள், வர முடியாவிட்டால் யாருக்குச் சொல்ல வேண்டும். இந்த ஏழும் அரைப் பக்கத்தில் அடங்கும். எழுத்தின் அளவு 16 புள்ளிக்குக் குறையாமல் இருக்கட்டும்.

ஒரு முறைக்கு 90 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். தொடக்கத்தில் வாரத்துக்கு ஒரு முறை போதும். எந்த நேரம் என்பதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். ரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீர் பிரியும் மாத்திரையைக் காலையில் போடுபவர்களுக்கு அடுத்த இரண்டு மூன்று மணி நேரம் வெளியே போவதே அவஸ்தை. அதை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். 'காலையில வேற வேலை இருக்கு' என்பார்கள். மூன்று மணிக்குமேல் பேரப்பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவரும் பொறுப்பு. ஆறரைக்குமேல், கண்புரை ஆரம்பித்தவர்களுக்கு எதிரே வரும் வண்டி வெளிச்சம் கண்ணைக் கூசவைக்கும். ஆக, 10.30 முதல் 12 வரையே பெரும்பாலானவர்களுக்கு ஒத்துவரும். உங்கள் வசதிக்கு மாலை வேண்டுமென்றால் ஆள் குறையும் என்று தெரிந்தே வையுங்கள்.

எல்லோரையும் வாத்தியாராக்க வேண்டாம். ஓய்வுபெற்ற தபால்காரருக்கு எந்த வீட்டில் படியிறங்க முடியாத வாசகர் இருக்கிறார் என்பது தெரியும். வீட்டுக்குப் புத்தகம் கொண்டுபோகும் வேலைக்கு அவரைவிடப் பொருத்தமானவர் கிடையாது. தையல்காரர் பிரிந்துபோன புத்தகத்தின் முதுகைக் கெட்டி நூலால் கோத்துவிடுவார். வங்கியில் எழுத்தராக இருந்தவர் படிவம் நிரப்பித் தருவார். அதே சமயம், 'கணக்கு எழுதியே முப்பத்தஞ்சு வருஷம் போச்சு, இன்னுமா' என்று நினைப்பவரும் உண்டு. பழைய உத்தியோகத்தைப் பார்த்து வேலையைத் தலையில் கட்டாதீர்கள்; இரண்டு மூன்று வேலைகளைச் சொல்லி அவரையே எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கொடுக்கக் கூடாத வேலைகளும் உண்டு. ஏணி ஏறுவது, கட்டுக் கட்டாகப் புத்தகம் தூக்குவது, பிள்ளைகளைப் பெரிய சாலையைத் தாண்டவைப்பது. வீடுவீடாக நன்கொடை வசூல் வேண்டவே வேண்டாம். பத்து ரூபாய் குறைந்தாலும் ஒரு மனிதரின் ஆயுள்காலப் பெயர் போய்விடும். பார்வையற்ற தேர்வர்களுக்குப் பரீட்சை எழுதிக்கொடுக்கலாமே என்று பலர் முன்வருவார்கள். மத்திய சமூகநீதி அமைச்சகத்தின் வழிகாட்டு நெறிகளின்படி, எழுதித்தருபவரின் கல்வித் தகுதிக்கு மேல்வரம்பு உண்டு. முதுகலை படித்தவர் இளங்கலைத் தேர்வை எழுதித்தர முடியாது. தேர்வு நாளன்று வாசலில் திருப்பி அனுப்பப்பட்டால் இருவருக்கும் அவமானம். பதிலுக்கு, பாடப்புத்தகத்தை ஒலிப்பதிவு செய்துதர அவர்களைக் கேளுங்கள். அதற்குத் தகுதிக் கட்டுப்பாடு இல்லை. மாற்றுத்திறனாளிகள் படிக்க ஏற்ற வடிவத்தில் நூல்களை மாற்றுவதைப் பதிப்புரிமைச் சட்டமும் 2012 திருத்தம் முதல் அனுமதிக்கிறது.

2. இடத்தை நடந்து பாருங்கள்

வேலை நடக்கும் இடத்துக்குப் பேருந்து நிறுத்தத்திலிருந்து நீங்களே மெல்ல நடந்து போங்கள். வழியில் மூடியில்லாத சாக்கடை, உட்கார ஒரு திண்ணை, நிழல், தெருநாய்க் கூட்டம் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். உள்ளே போனதும் முதலில் கழிப்பறை. பள்ளிகளில் பெரும்பாலும் ஆசிரியர்களுக்கான கழிப்பறைக்குப் பூட்டு இருக்கும். சாவி யாரிடம் என்று தெரியாமல் ஒரு மூத்த பெண்மணி ஒன்றரை மணி நேரம் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அடுத்த வாரம் அவர் வரமாட்டார். காரணமும் சொல்லமாட்டார். சாவி மாட்டும் ஆணியை முதல் நாளே காட்டிவிடுங்கள். குந்தும் கழிப்பறை மட்டும்தான் என்றால் அதையும் முன்கூட்டியே சொல்லுங்கள். மூட்டுவலிக்காரர் தன் கணக்கைத் தானே போட்டுக்கொள்வார்.

கைப்பிடி உள்ள நாற்காலி அவசியம். தரையிலிருந்து சுமார் 45 சென்டிமீட்டர் உயரம் இருந்தால் எழுந்திருக்கச் சிரமப்படமாட்டார்கள். பிளாஸ்டிக் நாற்காலியானால் கால் அகன்று வழுக்காததா என்று அழுத்திப் பாருங்கள். மின்விசிறிக்கு நேர் கீழே உட்காரவைக்காதீர்கள். அந்த இரைச்சலில் காது மந்தமானவருக்குப் பிள்ளைகளின் குரல் எட்டாது. வெளிச்சம் பிள்ளைகளின் முகத்தில் விழ வேண்டும், பெரியவரின் கண்ணில் அல்ல.

3. பள்ளி என்றால் அனுமதி

தலைமை ஆசிரியரிடம் வாய்வார்த்தையாகச் 'சரிங்க' வாங்கிக்கொண்டு தொடங்குவது பலரின் வழக்கம். அவர் மாறுதலாகிப் போனால் எல்லாம் போச்சு. வெளியார் பள்ளிக்குள் வந்து நிகழ்ச்சி நடத்துவதில் 2024 செப்டம்பருக்குப் பிறகு கெடுபிடியும் கூடியிருக்கிறது. எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானமாகப் பதியச் செய்து, நகலை வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்பி, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். விண்ணப்பத்தில் யார் யார் வருவார்கள், என்ன புத்தகம் வாசிப்பார்கள், எந்த வகுப்பு, எந்தப் பாடவேளை என்பது இருக்கட்டும். சமயம், சாதி, அரசியல் பேசமாட்டோம் என்ற ஒரு வரியையும் சேர்த்துவிடுங்கள். அந்த வரி ஆசிரியருக்குத் தெம்பு தரும். பின்னால் உங்களுக்கும் கைகொடுக்கும்.

குழந்தைகள் பாதுகாப்பில் தாட்சண்யம் கூடாது, வந்திருப்பவர் ஊரே மதிக்கும் பெரியவரானாலும். நான்கு விதிகள்: எந்தப் பிள்ளையுடனும் தனியறையில் இருக்கக் கூடாது, கதவு திறந்தே இருக்கும், மடியில் உட்காரவைப்பது, கன்னத்தைக் கிள்ளுவது, காதைத் திருகுவது கிடையாது, செல்பேசியில் படம் எடுக்கக் கூடாது. 'எங்க காலத்துல வாத்தியார் தொடையைக் கிள்ளுவார்' என்று சிரிப்பவர்களிடமும் இதைப் படித்துக்காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012 என்ன சொல்கிறது, சந்தேகம் வந்தால் அழைக்க வேண்டிய எண் 1098 என்பதும் அதே தாளில் இருக்கட்டும். அதற்குக் கோபித்துக்கொள்பவர் பள்ளி வேலைக்கு வேண்டாம். நூலக வேலை கொடுங்கள்.

4. கேட்பது ஒரு கலை, ஆனால் கற்றுக்கொள்ளலாம்

சுவரொட்டியைவிட நேரில் கேட்பது பல மடங்கு பலிக்கும். யார் கேட்கிறார்கள் என்பதும் முக்கியம். பையன் வயதுக்காரர் கேட்டால் 'பார்க்கலாம்ப்பா' என்பவர், சமவயதுக்காரர் கேட்டால் யோசிப்பார். முதல் இருவரை மட்டும் நீங்கள் தேடிப் பிடியுங்கள். அடுத்த நான்கு பேரை அந்த இருவரே கூட்டிவரட்டும். ஓய்வூதியர் சங்கக் கூட்டம், காலை நடைப்பயிற்சிப் பூங்கா, கோயில் பிரகாரம், தேவாலயத்து மூத்தோர் கூடுகை, பள்ளிவாசலில் தொழுகை முடிந்து பேசிக்கொண்டிருக்கும் நேரம், ரேஷன் கடை வரிசை எல்லாமே ஆள் கிடைக்கும் இடங்கள். ஓய்வூதியர் சங்கத்தோடு நிறுத்திக்கொண்டால் உங்கள் பட்டியலில் உத்தியோகத்தில் இருந்தவர்கள், அதிலும் ஆண்கள் மட்டுமே இருப்பார்கள். தெருவில் பூக்கட்டும் பாட்டிக்கும் ஐம்பது கதை தெரியும்.

கேட்கும்போது இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அம்மா, வியாழக்கிழமை பத்தரைக்கு நம்ம பள்ளிக்கூடத்துல மூணாம் வகுப்புப் பிள்ளைங்க ஆறு பேருக்கு ஒரு கதை வாசிச்சுக் காட்டணும். நாற்பது நிமிஷம். கூட இன்னொருத்தர் இருப்பாங்க. நாலு வாரம் மட்டும் வாங்க, அப்புறம் பிடிச்சாத் தொடரலாம், இல்லைன்னா பரவாயில்லை." நான்கு வாரம் என்ற முடிவுதான் இதில் உயிர்நாடி. பெரியவர்கள் பயப்படுவது ஒப்புக்கொண்டபின் விலக முடியாமல் மாட்டிக்கொள்வதைப் பற்றி. வெளியே போகும் கதவைக் காட்டினால் உள்ளே வருவார்கள்.

பதில்களையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. 'எனக்கென்னம்மா தெரியும்' என்பது மறுப்பு இல்லை. ஒருமுறை வந்து சும்மா பார்க்கச் சொல்லுங்கள். 'மருமகளைக் கேக்கணும்' என்றால் வீட்டில் அந்த நேரத்துக்கு ஒரு வேலை அவர் தலையில் இருக்கிறது. மருமகளிடமே போய் எந்த நாள் தோது என்று கேளுங்கள், பாதி தடை அங்கேயே தீரும். 'முட்டி வலி' என்றால் உட்கார்ந்து செய்யும் வேலையைச் சொல்லுங்கள். 'பார்க்கலாம்' என்றால் இல்லை என்று அர்த்தம். இரண்டாம் முறை நச்சரிக்காதீர்கள். ஆறு மாதம் கழித்து வேறு வேலை இருந்தால் கேளுங்கள்.

சேர்ந்ததும் ஒரு பக்கப் படிவம் போதும்: பெயர், தொலைபேசி, அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் இருவர், வழக்கமாகப் போடும் மாத்திரைகள், ஒவ்வாமை, எந்த நாள் வரமுடியும், எது முடியாது. அடையாள அட்டையைப் பார்த்தால் போதும், ஆதார் நகல் வாங்கி அடுக்காதீர்கள். அதைப் பத்திரமாக வைக்க உங்களிடம் பீரோ இருக்காது.

5. பயிற்சியும் முதல் நான்கு வாரமும்

பயிற்சி என்ற பெயரில் இரண்டு மணி நேரம் யாரும் மைக் பிடிக்க வேண்டாம். 40 நிமிடம், நடுவில் தேநீர், மறுபடி 40 நிமிடம். முதல் பாதியில் ஒருவர் கதை வாசித்துக் காட்ட, இரண்டாம் பாதியில் வந்தவர்கள் ஒருவருக்கொருவர் வாசித்துப் பழகட்டும்.

வாசிக்கும் முறையில் சிலவற்றைச் சொல்லிக்கொடுத்தே ஆக வேண்டும். பெரியவர் நாற்காலியில், பிள்ளைகள் பாயில், அரைவட்டமாக. புத்தகத்தின் படப்பக்கம் பிள்ளைகளைப் பார்த்திருக்க வேண்டும். பழக்கமில்லாதவர்கள் தன் பக்கம் திருப்பிவைத்துப் படித்துவிட்டு, பிறகு தூக்கிக் காட்டுவார்கள், அதற்குள் பிள்ளைகள் சண்டை பிடிக்கத் தொடங்கிவிடும். கையை நீட்டிப் பிடித்தபடி பக்கவாட்டில் பார்த்துப் படிக்கக் கண் ஒத்துழைக்காது என்பதால், வீட்டிலேயே மூன்று தடவை படித்துக் கதையை மனத்தில் ஏற்றிக்கொண்டு வரச் சொல்லுங்கள். புத்தகத்தை மூன்று நாள் முன்பே கையில் கொடுத்துவிட வேண்டும். 16 பக்கப் புத்தகங்களே போதும். தமிழ்நாடு பள்ளிக் கல்வித்துறை 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் சிறு நூல்கள் பல அரசுப் பள்ளிகளில் இருக்கின்றன. நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலை. புதியவர்கள் 'நுழை'யிலிருந்து எடுக்கட்டும். ஆசிரியரிடம் கேட்டால் அலமாரி திறக்கும்.

மூன்று பழக்கங்களை மெல்ல நிறுத்த வேண்டியிருக்கும். கதை முடிந்ததும் 'இதுலேருந்து என்ன தெரியுது?' என்று நீதி கேட்பது. சரியாகச் சொல்லாத பிள்ளையை எழுப்பி நிற்கவைப்பது. 'உங்கப்பா என்ன வேலை, எந்தத் தெரு?' என்று விசாரிப்பது. முதலிரண்டும் பழைய பள்ளிக்கூடப் பழக்கம். மூன்றாவது கேள்வியின் உள்ளர்த்தம் பிள்ளைக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். அது ஒரு தடவை நடந்தாலே பெரியவரைத் தனியே அழைத்துச் சொல்லிவிட வேண்டும். பிள்ளைகள் முன்னாலோ மற்ற தன்னார்வலர்கள் முன்னாலோ சொல்லக் கூடாது.

எப்போதும் இரண்டிரண்டு பேராகவே போடுங்கள். ஒருவர் வாசிப்பார், இன்னொருவர் பக்கத்தில் இருப்பார், அடுத்த வாரம் மாறிக்கொள்வார்கள். ஒருவருக்கு முடியாமல் போனால் வேலை நிற்காது. கூட ஒருவர் காத்திருப்பார் என்பதற்காகவே கிளம்பி வருபவர்களும் உண்டு. புதியவரோடு பழையவரைச் சேருங்கள். கணவன் மனைவியை ஒரே ஜோடியாகப் போடாதீர்கள், ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் இருவருமே வரமாட்டார்கள்.

முந்தின நாள் மாலை ஒரு போன். 'நாளைக்கு வர்றீங்கதானேம்மா?' முதல் மாதம் இது தவறக் கூடாது. முதல் நாள் முடிந்ததும் வாசலில் நிறுத்திப் பத்து நிமிடம் பேசுங்கள்: எது சரியாக வரவில்லை, நாற்காலி சரியா, குரல் எட்டியதா. நான்காம் வாரம் முடிந்ததும் நீங்கள் சொன்ன வாக்குப்படி 'தொடரலாமா, மாற்றலாமா, நிறுத்தலாமா' என்று கேட்டுவிடுங்கள். கேட்காமல் தொடரவைத்தால் அடுத்தமுறை உங்கள் 'நாலு வாரம்' எடுபடாது.

6. காசு, தேநீர், சர்க்கரை

ஆட்டோவுக்குக் கொடுத்த காசை யாரும் கேட்டு வாங்கமாட்டார்கள். கேட்காமலேயே கொடுப்பதுதான் முறை. ஒரு நோட்டு, தேதி, தொகை, கையெழுத்து. அன்றன்றைக்கே கையில் கொடுத்துவிடுங்கள். 'எனக்கு வேண்டாம்' என்று ஒருவர் மறுத்தால் மற்றவர்களுக்கு வாங்கச் சங்கடமாகிவிடும். அதனால் எல்லோருக்கும் உறையில் போட்டுக் கொடுத்துவிட்டு, வேண்டாதவர் உண்டியலில் போட்டுக்கொள்ளட்டும் என்று வைத்துவிடுவது நல்லது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 மே முதல் கட்டணமில்லை. சென்னையில் வசிக்கும் 60 வயது கடந்தவர்களுக்கு மாநகரப் போக்குவரத்துக் கழகம் மாதம் 10 இலவசப் பயண டோக்கன் தருகிறது. வாங்காமல் இருப்பவர் இருந்தால் வாங்க உதவுங்கள்.

தேநீர் இரண்டு பிளாஸ்க், ஒன்று சர்க்கரை இல்லாதது. பஜ்ஜி வேண்டாம், சுண்டல் போதும். பல் கட்டியவர்களுக்காகச் சுண்டலைக் குழைய வேகவைக்கச் சொல்லுங்கள்.

ஒரு டப்பாவில் சர்க்கரை எப்போதும் இருக்கட்டும். நீரிழிவுக்கு ஊசியோ மாத்திரையோ போட்டவர் சாப்பாட்டு நேரம் தள்ளிப்போனால் திடீரென வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறலாம். மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கவையுங்கள். 15 நிமிடம் கழித்தும் தெளியவில்லை என்றால் மறுபடி அதே அளவு. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108ஐ அழையுங்கள். முகம் ஒருபக்கம் கோணுவது, ஒரு கை தூக்க வராதது, பேச்சு குழறுவது என்றால் பக்கவாதமாக இருக்கலாம். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துப் பார்ப்போம் என்று நேரத்தை வீணாக்காதீர்கள். உட்கார்ந்து எழும்போது தலைசுற்றிச் சாய்வது சாதாரணமாக நடக்கும். வேலை முடிந்ததும் மெல்ல எழுந்து, நாற்காலியைப் பிடித்தபடி பத்து எண்ணிவிட்டு நடக்கச் சொல்வது நல்ல வழக்கம்.

7. வாட்ஸ்அப் குழு

இரண்டு குழு வையுங்கள். ஒன்றில் நிர்வாகி மட்டும் எழுத முடியும்: நாள், நேரம், மாற்றம். மற்றது எல்லோரும் பேசுவதற்கு. ஒரே குழு என்றால், 'வியாழக்கிழமை வகுப்பு இல்லை' என்ற செய்தி எண்பது குட்மார்னிங் பூக்களுக்குக் கீழே புதைந்து, ஒரு பெரியவர் வெயிலில் வந்து பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புவார். தட்டச்சு செய்த நீண்ட செய்தியைவிட முப்பது விநாடிக் குரல்செய்தி நன்றாக எட்டும். திறன்பேசி இல்லாதவருக்குத் தொலைபேசி அழைப்புதான், அதை ஒருவர் பொறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

குழுவின் பெயரைச் சொல்லி யாராவது பணம் கேட்டாலோ ஓ.டி.பி. கேட்டாலோ அது மோசடி என்பதைச் சேரும் நாளிலேயே சொல்லுங்கள். ஏமாந்துபோனவர் வெட்கத்தில் வீட்டில்கூடச் சொல்லமாட்டார். உடனே இணையக் குற்ற உதவி எண் 1930க்கு அழைத்தால் பணத்தை முடக்க வாய்ப்புண்டு.

8. வீட்டைவிட்டு வர முடியாதவர்களுக்கு

மூட்டுவலியும் படுக்கையிலிருக்கும் துணையும் பலரை வீட்டோடு கட்டிப்போடும். அவர்களுக்கு ஒரு நல்ல வேலை, தன்னார்வலர்களே நடத்தும் இணைய நூலகமான தமிழ் விக்கிமூலத்தில் மெய்ப்புப் பார்ப்பது. நாட்டுடைமையான நூல்களை ஸ்கேன் செய்து பக்கம் பக்கமாக ஏற்றியிருக்கிறார்கள். ஒரு பக்கம் மூலப்படம், மறுபக்கம் கணினி தானாகப் படித்துத் தந்த எழுத்து. இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்திச் சேமிக்க வேண்டும். யாரும் கைவைக்காத பக்கம் இளஞ்சிவப்பாகவும், ஒருவர் மெய்ப்புப் பார்த்தது மஞ்சளாகவும், இன்னொருவர் சரிபார்த்தது பச்சையாகவும் தெரியும். தான் மஞ்சளாக்கியதைத் தானே பச்சையாக்க முடியாது என்பதால் இருவர் சேர்ந்து செய்வது இங்கேயும் பொருந்துகிறது.

இந்த வேலையில் மூத்தவர்கள் இளையவர்களை எளிதாக மிஞ்சுவார்கள். தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வருமுன் அச்சான நூல்களில் ணை, லை, ளை, னை, ணா, றா, னா ஆகியவை பழைய வடிவில், கொம்பும் சுழியுமாக இருக்கும். கணினி அங்கே தடுமாறும், முப்பது வயதுக்காரரும் தடுமாறுவார். அந்த எழுத்தில்தான் அ ஆ படித்த 65 வயதுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு படிப்பார். மற்றபடி அடிக்கடி வரும் பிழைகள்: காலும் ரகரமும் மாறுவது, புள்ளி விழுந்துபோவது, எகர ஏகாரக் குழப்பம், வரி ஓரத்தில் உடைந்த சொல் ஒட்டாமல் இருப்பது.

செல்பேசித் திரை இதற்குப் போதாது. பேரன் ஒதுக்கிய பழைய மடிக்கணினி இருந்தால் போதும். அரசு அலுவலகத் தட்டச்சுப் பொறியில் பழகியவர்களுக்குப் பழைய தட்டச்சு விசையமைப்பையே போட்டுக்கொடுங்கள், என்.எச்.எம். ரைட்டர் போன்ற மென்பொருள்களில் அது இருக்கிறது. அவர்களைப் புதிய விசையமைப்புக்கு மாற்ற முயல்வது வீண்வேலை. தினம் இரண்டு பக்கம் என்று தொடங்கட்டும். முதல் வாரம் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குத் தொடங்கித்தர ஒரு கல்லூரி மாணவர் வேண்டும்; தொலைபேசியில் 'மேல இருக்குற பொத்தானை அமுக்குங்க' என்று சொல்லித்தருவது இரு தரப்புக்கும் ரத்த அழுத்தம்.

9. எங்கே கெடும்

ஓய்வுபெற்ற அதிகாரி. மூன்றாம் வாரமே உங்கள் பதிவேட்டு முறை தப்பு என்பார், துணைவிதி கேட்பார், மற்ற தன்னார்வலர்களை 'நீங்க இதைப் பண்ணுங்க' என்று ஏவுவார். விரட்டவும் வேண்டாம், தலைவராக்கவும் வேண்டாம். மனு எழுதுவது, அலுவலகம் அலைவது, தகவல் கேட்டு விண்ணப்பிப்பது போன்ற தனிமனித வேலைகளை அவரிடம் ஒப்படையுங்கள். உங்களில் பாதிப் பேருக்கு வராத வேலை அது. ஆட்களை மேய்க்கும் வேலையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

விருப்பத்தோடு வருபவர் மேலேயே எல்லாவற்றையும் ஏற்றுவது இன்னொரு தப்பு. 'சாந்தா அம்மா செய்வாங்க' என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து, வாரம் நான்கு நாள் ஆக்கி, ஆறாம் மாதம் அவர் படுத்துவிடுவார். வாரம் இரண்டு அரைநாள் என்பதே உச்சவரம்பு. அவரே கேட்டாலும்.

சத்தமில்லாமல் நின்றுபோவது. இரண்டு முறை தொடர்ந்து வரவில்லை என்றால் மூன்றாவதுக்குக் காத்திராமல் ஜோடியாக இருப்பவர் நேரில் போய்ப் பார்க்கட்டும். கேள்வி 'ஏன் வரலை' அல்ல, 'உடம்பு எப்படி இருக்கு'. கண்புரை அறுவைக்குப் பிறகு புதுக்கண்ணாடி வரவே ஒரு மாதத்துக்குமேல் ஆகும். மகளின் பிரசவத்துக்கு அமெரிக்கா போனால் ஆறு மாதம். இவை விடுப்பு; பெயரைப் பட்டியலிலிருந்து அடிக்காதீர்கள். துணையை இழந்தவர் விஷயத்தில் காரியம் முடிந்தபின் இரண்டு வாரம் விட்டு, வீட்டுக்குப் போய், அவருடைய வியாழக்கிழமை அப்படியே இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள். அதோடு, விழா மேடையில் குத்துவிளக்கு ஏற்றும்போது கணவரை இழந்த பெண்கள் தாமாகவே பின்னுக்கு நகர்வார்கள். யார் ஏற்றுவது என்று முன்கூட்டியே முடிவுசெய்து அவர்களில் ஒருவரிடமே திரியைக் கொடுங்கள், அல்லது விளக்கே வேண்டாம்.

மறதி. அதே கதையை மூன்று வாரமும் கொண்டுவருவது, வழக்கமான வழி தவறுவது, சில்லறைக் கணக்கில் திணறுவது தொடர்ந்து தென்பட்டால் வேலையைப் பறிக்காமல் மாற்றுங்கள்: தனியே வாசித்தவர் ஜோடியின் பக்கத்தில் உட்காரட்டும், போகவர ஆள் துணை இருக்கட்டும். வீட்டாரிடம் நாசூக்காகச் சொல்லுங்கள். வீட்டிலேயே அவர் கவனிப்பாரின்றி இருக்கிறார், அடிபடுகிறார் என்று தெரியவந்தால் மூத்தோருக்கான உதவி எண் 14567.

பொன்னாடை. வருடத்துக்கு ஒரு விழா வைத்து, சிறப்பு விருந்தினர் தாமதமாக வர, பந்தலில் இரண்டு மணி நேரம் உட்காரவைத்து, வரிசையாகப் போர்த்தி அனுப்புவது கௌரவம் அல்ல, தண்டனை. தலைமை ஆசிரியர் கையெழுத்திட்ட ஒரு கடிதம், அவர் எத்தனை வாரம் வந்தார், எந்த வகுப்புக்கு என்ன வாசித்தார் என்ற விவரத்தோடு வீட்டுக்கு அஞ்சலில் போனால் போதும். அதைச் சட்டம் போட்டு மாட்டுவார்கள்.

10. ஆண்டுக் கணக்கு

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் ஓடாதீர்கள். சேர்க்கை, பாடநூல் என்று ஆசிரியர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. ஜூனில் அனுமதியும் பயிற்சியும், ஜூலை முதல் வாரம் தொடக்கம். செப்டம்பர் காலாண்டுத் தேர்வுக்குள் முதல் நான்கு வாரமும் அடுத்த நான்கு வாரமும் முடிந்திருக்கும். கடலோர மாவட்டங்களில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. முந்தின இரவு வானிலை பார்த்து ரத்துசெய்யும் அதிகாரம் ஒருவரிடம் இருக்கட்டும். நவம்பரில் மத்திய அரசு ஓய்வூதியர்கள் வாழ்நாள் சான்றுக்காக அலைவார்கள். எண்பது கடந்தவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். முகத்தைப் படம்பிடித்தே சான்று தரும் ஜீவன் பிரமாண் செயலியை அந்த மாதம் நூலகத்தில் வைத்து எல்லோருக்கும் செய்துகொடுத்தால், அதை முடிக்க வந்தவர்களில் இரண்டு பேர் புதிதாகச் சேர்ந்துவிடுவார்கள். முகூர்த்தம் நிறைந்த ஆவணி, தை மாதங்களில் வருகை குறையும், அதற்கு யாரையும் குறைசொல்ல முடியாது.

ஏப்ரலில் தேர்வு முடிந்ததும் வெளிவேலைகளை நிறுத்திவிடுங்கள். மே 4 வாக்கில் தொடங்கும் கத்திரி வெயிலில் எந்தப் பெரியவரையும் பதினோரு மணிக்கு வெளியே வரச் சொல்ல நியாயமில்லை. கிழிந்த புத்தகங்களைத் தைப்பது, விக்கிமூலம், அடுத்த ஆண்டுக்கான ஒலிப்பதிவு ஆகியவற்றை மே மாதத்துக்கு ஒதுக்கி, நூலகத்தில் மின்விசிறி நன்றாக ஓடும் மூலையில் காலை 9 முதல் 10 வரை வைத்துக்கொள்ளுங்கள். ஜூனில் யார் தொடர்கிறார்கள் என்ற கேள்வியை அந்த மூலையிலேயே கேட்டு, பதிலை நோட்டில் எழுதிக்கொள்ளலாம்.